பெட்டி போட்ட விடை

கடுகு என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்க வேண்டும். ஆள் குட்டை, சூடு பட்டால் வெடிப்பாள். பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம் சேர்ந்தபோது, இருக்கிற பாடத்தையெல்லாம் விட்டுவிட்டுத் தர்க்கவியலை ஏன் எடுத்தாய் என்று கேட்டவர்களுக்கு அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "எப்படியும் சண்டை போடத்தான் போறேன். ஒழுங்கா கத்துக்கிட்டுப் போடலாமே!"

அப்படிப்பட்டவளைத் துறை அலுவலகத்து எழுத்தர் கூப்பிட்டு, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே விஷயத்தைச் சொன்னார். ஏதோ பஸ் நேரம் மாறிவிட்டது என்பதுபோலச் சொன்னார்.

"தர்க்கவியல் பரீட்சையில உன் தாளும் உன் ஃப்ரெண்ட் தாளும் ஒரே மாதிரி இருக்காம். சரியா எழுதியிருந்தாகூடப் பரவாயில்லை, ரெண்டுலயும் ஒரே தப்பு. காப்பின்னு துறைத்தலைவர் எழுதிட்டாரு. வெள்ளிக்கிழமை விசாரணை."

"எந்தக் கேள்வி? என்ன தப்பு?"

"அதெல்லாம் உள்ளே போனா காட்டுவாங்க. நிரூபணம் ஆச்சுன்னா பட்டியல்லேர்ந்து பேரையே எடுத்துடுவாங்கம்மா. வேற எங்கே போய்ச் சேர்ந்தாலும் சான்றிதழ்ல அந்த வார்த்தை கூடவே வரும்."

சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். கடுகு அங்கேயே நின்றாள். காது இரண்டும் சூடாகிவிட்டன. வாழ்க்கையில் அவள் பல தப்பு செய்திருக்கிறாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறாள், தம்பியின் சைக்கிளை உடைத்துவிட்டுப் பழியைச் சுவர்மேல் போட்டிருக்கிறாள். ஆனால் அடுத்தவர் தாளைப் பார்த்து எழுதியது கிடையாது. அது அவளுக்குத் தேவைப்பட்டதும் இல்லை. தன்னைவிட நன்றாக எழுதுகிற ஆள் பக்கத்தில் இருக்கக்கூடும் என்ற எண்ணமே அவளுக்கு வந்ததில்லை.

சரி, நான் பார்க்கவில்லை. தாள் இரண்டும் ஒன்றாக இருக்கிறது. அப்படியானால் பார்த்தது யார்?

பரீட்சையன்று சிநேகிதி பஞ்சு அவளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? படிக்கட்டு இறங்குவதற்குள் கடுகு கணக்கை முடித்துவிட்டாள்.

பஞ்சு என்பதும் வைத்த பெயர்தான். குரல் அவ்வளவு மெல்லிசு. வகுப்பில் அவள் கேள்வி கேட்டால் முன் வரிசை திரும்பிப் பார்த்து, "என்ன?" என்று கேட்கும். உடனே அவள், "ஒண்ணுமில்லை" என்று உட்கார்ந்துவிடுவாள். சித்தி வீட்டில் ஒண்டிக்கொண்டு படிக்கிறவள். ஆனால் மூளை கெட்டிதான். கடுகு அவசரத்தில் விட்டுவிடும் படியை விரலால் தொட்டுக் காட்டுவாள், வாயால் சொல்லமாட்டாள். சேர்ந்த முதல் வாரத்திலிருந்து இருவரும் ஒரே மேசை, ஒரே குடை.

அந்தப் பஞ்சு நூலக வாசலில் பை வைக்கும் அலமாரியைத் திறந்துகொண்டிருந்தாள். சுற்றிலும் வகுப்பே நின்றது.

"ஏன்டி, கேட்டிருந்தா நானே சொல்லிக் கொடுத்திருப்பேனே! முதுகுக்குப் பின்னால உட்கார்ந்து திருடணுமா?"

பஞ்சு திரும்பினாள். "என்ன சொல்றே?"

"என்ன சொல்றேனா? என் தாளைப் பார்த்து எழுதியிருக்கே. இப்ப ரெண்டு பேர் பேரும் நாறுது. எனக்கு முதுகுல கண்ணா இருக்கு, உன் தாளைப் பார்க்க? வேற யாரு பார்த்தா? சொல்லு! நான் பார்க்கலைன்னா நீதான். இது தெரிய தர்க்கவியல் படிக்கணுமா?"

"நான் பார்க்கலை."

"திருடி. இனிமே என் பக்கத்துல உட்காராதே."

பஞ்சு வாயைத் திறந்தாள், மூடினாள். அவளுக்குச் சத்தம் போடத் தெரியாது என்பது கடுகுக்கும் தெரியும், சுற்றி நின்றவர்களுக்கும் தெரியும். சத்தம் போடாதவர்கள் தோற்றுப்போனவர்கள் என்று அங்கே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். பஞ்சு அலமாரியைப் பூட்டாமலே போய்விட்டாள். யாரோ ஒரு பையன் சிரித்தான்.

கடுகுக்கு அப்போது மனசு லேசாக இருந்தது. கோபக்காரர்களுக்கு அது ஒரு சௌகரியம். கொட்டிவிட்டால் வயிறு நிறைந்ததுபோல இருக்கும், யார் மேல் கொட்டினோம் என்பதெல்லாம் அப்புறம்தான்.

வீட்டில் அந்தச் சௌகரியம் நிலைக்கவில்லை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தபடி முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்:

"நீ ஒண்ணும் செய்யலேன்னா உன்னை ஏன் கூப்பிடறாங்க?"

"அப்பா!"

"இல்லம்மா, சும்மா கூப்பிடுவாங்களா? வகுப்புல எத்தனை பேர் இருக்காங்க, அவங்களையெல்லாம் விட்டுட்டு உன்னை எதுக்குக் கூப்பிடணும்?"

"உங்க லிஃப்ட் நடுவுல நின்னா, எடுத்ததும் கயிறு அறுந்துடுச்சுன்னு எழுதிக் கொடுப்பீங்களா? கரண்ட் போயிருக்கலாம், கதவு சரியா மூடாம இருக்கலாம், எவனாவது சிவப்புப் பட்டனை அமுக்கியிருக்கலாம். பார்க்கமாட்டீங்க?"

"என் வேலையை ஏன் இழுக்கறே?"

"நின்னுச்சு, அதனால கயிறு அறுந்துச்சு. கூப்பிட்டாங்க, அதனால காப்பியடிச்சேன். ரெண்டும் ஒண்ணுதான். இப்படிச் சொல்றவங்களை எங்க தலைவர் முதல் நாளே வகுப்பைவிட்டு வெளியே போகச் சொன்னார், தெரியுமா?"

"அந்தத் தலைவர்தானே உன்னைக் கூப்பிட்டிருக்கார்?" என்றார் அப்பா.

அம்மா நடுவில் வந்து, "அவளைச் சாப்பிட விடுங்க, பட்டினி கிடந்தா இன்னும் மோசமா கத்துவா" என்று தட்டை வைத்தாள். கடுகு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பெற்ற அப்பனே நம்பவில்லை. அந்த ஒன்று அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. நம்பாத மனிதரிடம் இல்லை, இல்லை என்று எத்தனை தரம் சொல்வது? ஒரு கட்டத்தில் சொல்கிறவளுக்கே சலித்துவிடுகிறது.

இதே நினைப்பை இன்னும் நாலு அடி நீட்டியிருந்தால் நூலக வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள். நீட்டவில்லை. தன் காயத்தை எண்ணுகிற நேரத்தில் யாருக்கு அடுத்தவர் காயம் ஞாபகம் வருகிறது?

வெள்ளிக்கிழமை வந்தது. விசாரணை அறை என்றால் பெரிய அறை ஒன்றுமில்லை. பழுதான நாற்காலிகளை ஒரு மூலையில் அடுக்கி வைத்த சின்ன வகுப்பறை, ஒரு கரும்பலகை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் துறைத்தலைவர். அவருக்கு இடது பக்கம் வேதியியல் பேராசிரியை, வேறு துறை ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்ற விதிக்காக வந்தவர். வலது பக்கம், நடப்பதைக் குறித்துக்கொள்ள அதே எழுத்தர்.

தலைவர் இரண்டு விடைத்தாள்களையும் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். "நாலாவது கேள்வி. படி."

கேள்வி எளிதுதான். காவலாளி விழித்திருந்தால் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் திருடன் வரமாட்டான். இதிலிருந்து என்ன முடிவு கிடைக்கும்? இரண்டு தாளிலும் ஒரே விடை. 'காவலாளி தூங்கினால் திருடன் வருவான்.' விடையைச் சுற்றி ஒரு பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில், 'இரட்டைத் திருப்பம்.'

"இது தப்பு," என்றார் தலைவர். "திருடன் வந்தா காவலாளி தூங்கிட்டான்னு சொல்லலாம். காவலாளி தூங்கினா திருடன் வந்தே தீரணும்னு எவன் சொன்னான்? அன்னிக்கு அவனுக்குக் காய்ச்சலா இருக்கலாம். சரி, தப்பு எல்லாரும் பண்றதுதான். ஆனா இந்த இரட்டைத் திருப்பம்! நான் இந்தப் பாடத்தை முடி கறுப்பா இருந்த காலத்துலேர்ந்து நடத்தறேன். அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்துலயும் இல்லை. இல்லாத விதிக்கு ரெண்டு பேரும் தனித்தனியா ஒரே பேர் வெச்சு, ஒரே மாதிரி பெட்டியும் போட்டீங்களா?"

கடுகு பெட்டியைப் பார்த்தாள். புத்தகத்தில் இருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பார்க்கப் பார்க்கச் சுண்ணக்கட்டியின் கீச்சுச் சத்தம் காதில் கேட்டது.

"சார், இது ஷார்ட்கட் சார் சொல்லிக் கொடுத்தது."

ஷார்ட்கட் சார் என்பது அவர்களுடைய பயிற்சி வகுப்பு ஆசிரியர். ஆராய்ச்சி மாணவர், நல்ல மனிதர். எந்தக் கணக்குக்கும் குறுக்கு வழி ஒன்று வைத்திருப்பார், பிள்ளைகள் அவரைக் கொண்டாடுவார்கள். தலைவர் அவரை முன்யோசனையோடு வரச்சொல்லி வெளியே உட்கார வைத்திருந்தார். உள்ளே கூப்பிட்டார். தாளைக் காட்டவில்லை, சாட்சிக்குத் தாளைக் காட்டக்கூடாது என்பது விதி. வாயால் கேட்டார்.

"மழை பெய்தால் தெரு நனையும். அதனால மழை பெய்யாவிட்டால் தெரு நனையாது. இப்படித் திருப்பலாம்னு சொல்லிக் கொடுத்தீங்களா?"

ஷார்ட்கட் சார் சிரித்தேவிட்டார். "ஐயோ சார், அது பால்வாடித் தப்பு. நான் போய் அப்படிச் சொல்வேனா?"

"அவ்வளவுதான்," என்று தலைவர் கடுகைப் பார்த்தார். "அப்புறம், நேத்து உன் சிநேகிதி வந்தா. பார்த்து எழுதினேன்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்து போட்டுட்டா. பார்த்து எழுதினவ இருந்தா காட்டினவளும் இருக்கணும். தாளைச் சாய்ச்சுக் காட்டாம அவளுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

கடுகுக்கு ரத்தம் தலைக்கேறியது. பார், நான் சொன்னேனே, அவள்தான் என்று ஒரு பக்கம் மனம் கூவியது. அவளால் நானும் போனேன் என்று இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து வாய்வழியே வந்தது.

"சார், முதல் வகுப்புல நீங்க என்ன சொன்னீங்க? தெரு நனைஞ்சிருக்கு, அதனால மழை பெய்ததுன்னு சொல்றவன் இப்பவே எழுந்து வெளியே போகலாம்னு சொன்னீங்க. தண்ணி லாரி போயிருக்கலாம், குழாய் உடைஞ்சிருக்கலாம்னு சொன்னீங்க. நான் அதைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போய்க் குதிச்சேன் சார், இப்படி ஒரு மனுஷன்கிட்ட படிக்கப் போறேன்னு. இப்ப நீங்களே, காப்பியடிச்சா தாள் ஒண்ணா இருக்கும், தாள் ஒண்ணா இருக்கு, அதனால காப்பின்னு எழுதியிருக்கீங்க. யாரு சார் வெளியே போகணும்?"

எழுத்தரின் பேனா நின்றது. தலைவரின் முகம் கறுத்தது. "மரியாதையா பேசு."

"மரியாதையாத்தான் பேசறேன். குரல்தான் பெருசு. பஸ் ஓடாத அன்னிக்கு, மழையில நனைஞ்சுக்கிட்டு வந்தவங்களுக்கு மட்டும் இந்த சார் வகுப்பு எடுத்தார். அன்னிக்குத்தான் இந்தப் பலகை மாதிரி ஒரு பலகையில இதைப் போட்டார்."

"யார் யார் இருந்தீங்க?" என்று வேதியியல் பேராசிரியை முதல் தடவையாகக் கேட்டார்.

"நானும்..." கடுகு சற்றே தடுமாறினாள். "நானும் பஞ்சுவும்."

"காப்பியடிச்சேன்னு ஒத்துக்கிட்டவ உனக்குச் சாட்சியா?" என்றார் தலைவர். "நல்லா இருக்கு."

பஞ்சுவும் அன்று அந்த வகுப்பில் இருந்தாள் என்பது அவளுக்கு எங்கோ இடறியது. அதைப் பார்க்க நேரமில்லை. தண்ணீரில் முங்குகிறவள் கையில் கிடைத்ததைப் பிடிப்பாளே தவிர அது என்ன என்று பார்க்கமாட்டாள். அவள் ஷார்ட்கட் சாரைக் கையால் காட்டினாள்.

"அவரையே போடச் சொல்லுங்க! இந்தக் கேள்வியை இதே பலகையில போடட்டும்."

"ஆசிரியருக்கு நீ பரீட்சை வைக்கறியா?"

"போடட்டுமே சார்," என்றார் வேதியியல் பேராசிரியை. "எங்க துறையில சந்தேகம் வந்தா திரும்பச் செஞ்சுதான் பார்ப்போம்."

தலைவருக்கு மறுக்க வழி தெரியவில்லை. கேள்வியை மட்டும் படித்துச் சொன்னார். ஷார்ட்கட் சார் சந்தோஷமாகவே சுண்ணக்கட்டியை எடுத்தார். நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா, அந்த அறையில் பயமில்லாமல் இருந்த ஒரே ஆள் அவர்தான். இரண்டு வரியையும் அம்புக்குறி போட்டு எழுதினார். பிறகு பழக்கதோஷத்தில், வகுப்பில் பேசுவதுபோலவே பேசிக்கொண்டு போனார்.

"ஒத்தை வரின்னா அம்பைத் திருப்பணும், இல்லைங்கிற குறியும் போடணும். இங்கே ரெண்டு வரி சங்கிலியா இருக்கு. ரெண்டு தடவை திருப்பினா அம்பு பழைய இடத்துக்கே வந்துடும் பாருங்க. அதனால அம்பைத் தொடவே வேண்டாம், குறியை மட்டும் மாத்தினா போதும். காவலாளி தூங்கினால் திருடன் வருவான்." விடையைச் சுற்றிப் பெட்டி போட்டார். பக்கத்தில் எழுதினார்: இரட்டைத் திருப்பம். கையைத் தட்டிக்கொண்டு திரும்பினார். "இதுல என்ன சார் சிக்கல்?"

தலைவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷார்ட்கட் சார் அவர் முகத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். பிறகு அம்புக்குறிமேல் விரலை வைத்து, ஒவ்வொன்றாகத் தனக்குள் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தார். பாதி வழியில் விரல் நின்றுவிட்டது. மனிதர் பொய் சொல்லவில்லை. ஒற்றை வரியில் அவர் தப்பே செய்யமாட்டார். தலைவர் கேட்டதும் ஒற்றை வரியைத்தான்.

கடுகுக்கு நியாயமாகப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உடம்பெல்லாம் வெறியான ஒரு சந்தோஷம் ஓடியது. அப்பாவைக் கூட்டிவந்து அந்தப் பலகைக்கு முன்னால் நிற்க வைக்க வேண்டும்போல இருந்தது.

தலைவர் கனைத்துக்கொண்டார். "உன்மேல இருந்த குற்றச்சாட்டை எடுத்துடறோம். விடை தப்புதான், அதுக்கு மார்க் கிடையாது. நீ போகலாம்."

மன்னிப்பு என்ற வார்த்தை அந்த வாயில் வராது என்று தெரிந்ததும் கடுகு பையை எடுத்தாள். கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பினாள்.

"அப்ப பஞ்சு?"

"அவ விஷயம் தனி. காப்பியடிச்சேன்னு அவளே எழுதிக் கொடுத்திருக்கா. அடிக்கலைன்னா விசாரணையில பொய் சொன்ன குற்றம். எப்படிப் பார்த்தாலும் பேர் எடுக்க வேண்டியதுதான்."

வெளியே நடைக்கூடத்து பெஞ்சில் பஞ்சு உட்கார்ந்திருந்தாள். தீர்ப்பைக் கேட்க அவளையும் வரச்சொல்லியிருந்தார்கள். மடியில் பை. பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள். அவ்வளவு மெல்லிசாகக் கேட்டும் கடுகுக்கு அது முழுசாகக் கேட்டது.

"ஷார்ட்கட் சார் பலகையில அதையே போட்டார். பெட்டியோட. என்னை விட்டுட்டாங்க." கடுகுக்கு மூச்சு வாங்கியது. "நீ பார்த்து எழுதவே இல்லையேடி. அவர்தான் நம்ம ரெண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் எதுக்குடி ஒத்துக்கிட்டே? பைத்தியமா நீ?"

கத்தலாகத்தான் வந்தது. அவளுக்கு வேறு மாதிரி பேசத் தெரியாது.

பஞ்சு நிமிர்ந்து பார்த்தாள். அழுத முகம் இல்லை. கோபம் இருந்தது, கடுகு இதுவரை அந்த முகத்தில் பார்த்தே இராத கோபம்.

"நான் பார்க்கலைன்னு உன்கிட்டதான் முதல்ல சொன்னேன். நீ நம்பலை. நூலக வாசல்ல எல்லார் முன்னாலயும் திருடின்னு சொன்னே. என்னைத் தெரிஞ்ச நீயே அப்படின்னா, தெரியாத மூணு பேர்கிட்ட போய் நான் என்னன்னு சொல்றது? ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சுடும்னு எழுத்தர் சொன்னார். முடிச்சுட்டேன்."

"பஞ்சு..."

"விடு."

கடுகு நீட்டிய கை அப்படியே நின்றது. நான் பார்க்கவில்லை, தாள் ஒன்றாக இருக்கிறது, ஆகவே அவள்தான். படிக்கட்டு இறங்குவதற்குள் முடித்த கணக்கு. கரண்ட் போயிருக்கலாம் என்று அப்பாவிடம் கத்தினாள், தண்ணீர் லாரி போயிருக்கலாம் என்று தலைவரிடம் கத்தினாள். பஞ்சுவுக்கு மட்டும் ஒரு லாரியும் விடவில்லை. தலைவராவது நாலு சுவருக்குள் உட்காரவைத்துத் தாளைக் காட்டிக் கேட்டார். இவள் கேட்கக்கூட இல்லை, தீர்ப்பைத்தான் சொன்னாள். வெட்கம் அவளுக்குப் புதிது, அதனால் அதுவும் கோபமாகவே வந்தது. இந்தத் தடவை கொட்டுவதற்கு எதிரே ஆள் இல்லை.

அவள் திரும்பிக் கதவைத் தட்டாமல் தள்ளித் திறந்தாள். உள்ளே ஷார்ட்கட் சார் இன்னும் பலகை முன்னால் நின்றார். எழுத்தர் தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன இன்னும்?" என்றார் தலைவர். "உன்னைத்தான் விட்டாச்சே."

"எழுதிக்கோங்க," என்றாள் கடுகு எழுத்தரிடம். "அவளை முதல்ல திருடின்னு சொன்னது இந்தத் துறை இல்லை, நான். ஒரு ஆதாரமும் இல்லாம, வகுப்பு முன்னால சொன்னேன். அதுக்கப்புறம்தான் அவ கையெழுத்து போட்டா. பொய் சொன்னான்னு பேர் எடுக்கறதா இருந்தா, முதல் பொய் என்னோடது. என் பேரை முதல்ல எடுங்க."

"அது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது."

"சம்பந்தம் இருக்கா இல்லையான்னு கேட்டுட்டு முடிவு பண்ணலாமே சார்," என்றார் வேதியியல் பேராசிரியை. கட்டிய தாள்களை எழுத்தரிடமிருந்து வாங்கிப் பிரித்தார். "அந்தப் பொண்ணையும் உள்ளே கூப்பிடும்மா."

கடுகு வாசலுக்கு வந்தாள். பெஞ்ச் காலியாக இருந்தது. நடைக்கூடத்துக் கடைசியில், படிக்கட்டுத் திருப்பத்தில், பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஞ்சு இறங்கிக்கொண்டிருந்தாள். கடுகு கூப்பிட்டாள். கட்டடமே அதிரும்படி கூப்பிட்டாள், வகுப்பறைக் கதவுகள் திறந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

பஞ்சு திரும்பிப் பார்க்கவில்லை. கடுகு ஓடினாள்.